கட்டில் நகரக்கூடாது

லிஃப்ட் கதவு மூடி, ஒரு குலுக்கல் குலுக்கி, மேலே போகலாமா வேண்டாமா என்று அது யோசிக்கிற நேரம் ஒன்று உண்டு. அந்த நேரத்தில் வண்டிக்காரரின் உயிர் அவர் உடம்பில் இருக்காது. அவர் தள்ளிவந்த சக்கரக் கட்டிலின் கால்மாட்டில் கட்டியிருக்கும் ஆக்சிஜன் சிலிண்டரின் முள்ளில் போய் உட்கார்ந்துகொள்ளும். முள் சிவப்புக் கோட்டை உரசிக்கொண்டு நிற்கும். நர்ஸ் மூச்சுப் பையை அமுக்கிக்கொண்டிருப்பார். டாக்டர் லிஃப்டின் எண் விளக்கையே முறைத்துப் பார்ப்பார். வண்டிக்காரர் மட்டும் படுத்திருப்பவரிடம் குனிந்து, "ஒண்ணுமில்லைங்க, மேல ஜன்னல் பெருசு, காத்து பிச்சுக்கிட்டு வரும்" என்று எதையாவது உளறிக்கொண்டிருப்பார். அந்த உளறல் நோயாளிக்காக இல்லை. தனக்காகத்தான்.

ஆள் பார்க்கத் தேக்குக் கட்டை மாதிரி இருப்பார். உள்ளே இருப்பது கோழிக்குஞ்சு. ரோட்டைக் கடக்க வேண்டுமென்றால் கடைசி சைக்கிளும் போகும்வரை நிற்பார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலை, உடம்பு மோசமான நோயாளிகளை வார்டிலிருந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு ஓடுவது. வார்டு ஒரு கட்டடத்தில். ஐசியூ எதிர்க் கட்டடத்தில், மூன்றாவது மாடியில். நடுவில் ஒரு சாய்தளம், தகரக் கூரை போட்ட நடைபாதை, அப்புறம் அந்த லிஃப்ட். மழை பெய்தால் தகரத்தின் ஓட்டை வழியாக நோயாளியின் முகத்தில் சொட்டும். அதைக் கட்டியவன் ஒரு நாளும் படுத்துக்கொண்டு அந்த வழியாகப் போயிருக்கமாட்டான்.

இத்தனை வருஷத்தில் அவர் கால் ஒரு வித்தை கற்றிருந்தது. கட்டில் பக்கத்தில் மானிட்டர் அலறினால் போதும். கை குழாயைச் சுவரிலிருந்து பிடுங்கிச் சிலிண்டரில் மாட்டும்போதே வலது கால் கட்டிலுக்கு அடியில் போய் பிரேக்கைத் தட்டிவிட்டிருக்கும். டாக்டர் "ஷிஃப்ட்" என்று சொல்லி முடிப்பதற்குள் கட்டில் வாசலில் இருக்கும். அதற்காகத்தான் பெரிய சிஸ்டர் அவரை எப்போதும் தன் வார்டிலேயே வைத்துக்கொண்டார். மூளைக்குச் சொல்லாமலே வேலை செய்கிற கால். தூங்கும்போதுகூட உதைக்கும். பக்கத்தில் படுக்க முடியவில்லை என்று அவர் மனைவி தலையணையைத் தூக்கிக்கொண்டு தையல் மெஷின் பக்கம் போய்ப் படுத்துப் பல வருஷம் ஆயிற்று.

இப்படி இருந்தபோதுதான் வார்டின் ஒரு பக்கத்தைக் காலி செய்து இடிக்க ஆரம்பித்தார்கள்.

இடிப்பதற்கு முன்னால் ஒல்லியாக ஒரு அம்மா வந்து, கழுத்தில் அளவு டேப்பைப் போட்டுக்கொண்டு, ஒரு வாரம் வண்டிக்காரர் பின்னாலேயே ஓடினார். அவர் ஓடினால் ஓடினார், நின்றால் நின்றார். தான் வேலையில் சுணங்குகிறோமா என்று பார்க்க வந்திருக்கிறார் என்று வண்டிக்காரர் நினைத்து, அந்த வாரம் முழுக்கத் தண்ணீர்கூடக் குடிக்காமல் ஓடினார். அப்புறம்தான் தெரிந்தது, புது வார்டை வரைந்துகொண்டிருப்பவரே அந்த அம்மாதான் என்று. கட்டட மேடம் என்று எல்லாரும் கூப்பிட்டார்கள்.

சுவர் பூச்சு காய்வதற்குள் எல்லாரையும் கூப்பிட்டு நிற்கவைத்து அவர் பேசினார்.

"இதுவரைக்கும் நோய் கூடினா நோயாளி வேற எடத்துக்குப் போனார். குறைஞ்சா திரும்பி வந்தார். இனிமே நோயாளி ஒரே எடத்துல இருப்பார். அறைதான் மாறும்" என்றார்.

நாலு அறைகள். பார்த்தால் வீட்டுப் படுக்கையறை மாதிரி இருந்தன. கட்டிலின் தலைமாட்டில் பீரோ மாதிரி இரண்டு மரக்கதவு. அவர் அதை இழுத்துத் திறந்தார். உள்ளே ஆக்சிஜன், சளி உறிஞ்சும் குழாய், வரிசையாகப் பிளக், மானிட்டர் மாட்ட இரும்புத் தண்டு. ஐசியூவில் இருக்கிற எல்லாமே அந்தச் சுவருக்குள் பதுங்கியிருந்தது. கட்டிலைச் சுற்றி நாலு பேர் நின்று வேலை பார்க்க இடம். கூட இருக்கிறவர் உட்கார ஜன்னலோரம் ஒரு மூலை. காய்ச்சல் பரவுகிற காலத்தில் இரண்டு அறைக்கு நடுவில் இருக்கும் சுவரை மடக்கித் தள்ளிவிட்டால், ஒரே நர்ஸ் இரண்டு பேரையும் பார்த்துக்கொள்ளலாம்.

பெரிய சிஸ்டர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். "கதவு சிக்கிக்கிச்சுன்னா?"

"அதுக்குத்தான் ஒத்திகை பாக்கப் போறோம் சிஸ்டர். நீங்க உடைக்கிற மட்டும் உடைங்க. இப்ப உடைஞ்சா நான் சரி பண்ணிடுவேன்."

எல்லாரும் தலையாட்டினார்கள். வண்டிக்காரர் பக்கத்தில் நின்ற நெட்டை மட்டும் அவர் காதில் குனிந்தான். அவனும் ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவன்தான், வயதில் சின்னவன்.

"அண்ணே, கட்டில் நகராதாம். அப்ப நாம?"

ஆஸ்பத்திரிக் கண்காணிப்பாளர் அதற்கும் பதில் வைத்திருந்தார். இந்த நாலு அறை நன்றாக ஓடினால் மாடி முழுக்க இப்படியே மாற்றிவிடுவார்களாம். ஸ்கேனுக்கும் ஆப்பரேஷனுக்கும் தள்ளிக்கொண்டு போக ஒரு ஆள் போதும். இன்னொருவரைப் பற்றிக் கேட்டதற்கு, "பாத்துக்கலாம்" என்றார். கீழே சலவை அறையில் ஆள் தேவை இருக்கிறது என்று போகிற போக்கில் ஒரு வார்த்தையும் போட்டார்.

சலவை அறை தரைக்கு அடியில் இருந்தது. ஜன்னல் கிடையாது. ரத்தக்கறைத் துணியும் நீராவியும்தான். அங்கே போனவர்கள் பேச்சையே மறந்துவிட்டவர்கள் மாதிரி ஆகிப்போவதை வண்டிக்காரர் பார்த்திருந்தார். நோயாளியோடு உளறிக்கொண்டே ஓடிய மனுஷன், தலையணை உறையோடு என்ன பேசுவார்?

"என்னங்க, சாப்பாட்டப் பாத்து இப்படி முழிக்கிறீங்க? அது உங்கள ஒண்ணும் கடிக்காது" என்றார் மனைவி.

"கட்டில் நகராதாம்."

"நல்லதுதான? அது நகருதேன்னுதான இத்தன வருஷம் நடுங்கினீங்க?"

"இப்ப நகராதேன்னு நடுக்கமா இருக்கு."

"உங்களுக்கு நடுங்க எதாவது ஒண்ணு வேணும். நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கேன். என்னப் பாத்து நடுங்கக் கூடாதா?"

மனைவி தட்டைத் தன் பக்கம் இழுத்து, சாப்பாட்டைப் பிசைந்து, மறுபடி அவர் முன்னால் தள்ளினார்.

ஒத்திகைக்கு நோயாளியாக ஒரு மணல் மூட்டைக்குச் சட்டை போட்டுப் படுக்கவைத்தார்கள். நர்ஸ்கள் அதற்கு மாப்பிள்ளை என்று பெயர் வைத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்கு மூச்சு நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டு அலாரத்தைத் தட்டினார் கட்டட மேடம்.

அலாரம் அடித்ததுதான் வண்டிக்காரருக்குத் தெரியும். அடுத்து அவருக்குத் தெரிந்தபோது கட்டில் வாசலுக்குப் பாதி வழி வந்திருந்தது. மாப்பிள்ளைக்கு மாட்டியிருந்த ட்ரிப்ஸ் குழாய் விண்ணென்று இழுபட்டுப் பிய்ந்து, அதன் தாங்கி சாய்ந்து, கண்காணிப்பாளரின் ஷூ மேல் விழுந்தது. மாப்பிள்ளை தரையில் கிடந்தார்.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். வண்டிக்காரர் தன் காலைப் பார்த்தார். யாரோ வேறொருவர் காலைத் தன் முட்டியில் ஒட்டவைத்த மாதிரி இருந்தது.

கட்டட மேடம் சிரிக்கவில்லை. "இவர் மட்டும் இல்ல. எல்லாருமே கதவப் பாத்துத்தான் ஓடினீங்க" என்றார். உண்மைதான். நர்ஸ் ஒருத்தி கேஸ் ஷீட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். சின்ன டாக்டர் ஐசியூவுக்குப் போன் போட்டு கட்டில் காலியா என்று கேட்டுக்கொண்டிருந்தார். சுவர்க் கதவை ஒருவரும் தொடவே இல்லை. நோய் கூடினால் ஓட வேண்டும் என்பது அந்த ஆஸ்பத்திரியில் எல்லார் எலும்பிலும் ஊறியிருந்தது.

"பிரேக்குக்குப் பூட்டு போட்டுடலாமா?" என்றார் கண்காணிப்பாளர், ஷூவைத் துடைத்துக்கொண்டே.

"தீப்பிடிச்சா சாவியத் தேடறதா?" என்றார் பெரிய சிஸ்டர்.

"ஆமா, பூட்டு வேண்டாம். பழகத்தான் வேணும்" என்றார் கட்டட மேடம்.

பழகினார்கள். பெரிய சிஸ்டர் அவருக்கு வேலை பிரித்துக் கொடுத்தார். அலாரம் அடித்ததும் கூட இருக்கிறவரை ஜன்னல் மூலைக்குக் கூட்டிப்போக வேண்டும். நாற்காலியை ஒதுக்க வேண்டும். சுவர்க் கதவை இழுத்துத் திறக்க வேண்டும். அப்புறம் கால்மாட்டில் நிற்க வேண்டும். நின்றால் போதும்.

நிற்பதுதான் அவருக்கு வரவில்லை. கால் விரல்களைச் செருப்புக்குள் மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு தடவை காலை அடக்கிவிட்டார், ஆனால் கையும் உடம்பும் அறையை விட்டு ஓடிப்போய் லிஃப்டைப் பிடித்து நிறுத்திக்கொண்டு நின்றன. "எங்கய்யா போனீங்க?" என்று சிஸ்டர் கேட்டதற்கு, "லிஃப்ட் போயிடும்னு…" என்றார். அன்றைக்கு முழுக்க அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் "லிஃப்ட் போயிடுச்சா?" என்று கேட்டார்கள்.

நெட்டை கேட்டது வேறு. நடைபாதைத் தகரத்தின் கீழே டீயை ஊதிக்கொண்டே சொன்னான்.

"ஏண்ணே அடக்கிக்கிட்டு சாகறீங்க? இன்னும் ரெண்டு தடவ உதைங்க. திட்டமே ஊத்திக்கும். நீங்க பாட்டுக்கு மேல ஓடலாம், நான் பாட்டுக்குக் கீழ ஓடலாம்."

"விளையாடாத."

"நான் விளையாடல. சலவை ரூமுக்குப் போறது நீங்களா நானா? ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

வண்டிக்காரர் டீயை ஒரு வாய்கூடக் குடிக்காமல் கீழே வைத்தார். டீ ஆறிப்போனது. ஆனால் அந்தப் பேச்சு அவருக்குள் முள் மாதிரி இறங்கிவிட்டது. ஒவ்வொரு ஒத்திகையிலும் காலை மடக்கும்போது, ஏன் மடக்குகிறோம் என்று ஒரு குரல் கேட்டது. தன் வேலைக்குத் தானே உலை வைக்கிற ஆள் உலகத்தில் தான் ஒருவன்தானோ என்று தோன்றியது.

அப்புறம் நிஜ நோயாளிகள் வந்தார்கள். இரண்டாவது அறையில் ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். நுரையீரலில் சளி கட்டிப்போய் வந்திருந்தார். மூச்சு வாங்கினாலும் வாய் ஓயவில்லை.

"நீங்கதான் வண்டிக்காரரா? நானும் வண்டிக்காரன்தான். எப்ப ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்க?"

"உங்கள எங்கயும் கூட்டிட்டுப் போறதா இல்லைங்க. அதான் இங்க ஏற்பாடு."

"அட, ஸ்டாண்டுலயே நிக்கற வண்டியா? அப்ப எதுக்கு டிரைவர்?"

சிரிப்பாகத்தான் கேட்டார். வண்டிக்காரருக்குச் சுருக்கென்றது.

மூன்றாம் நாள் மதியம், பார்வையாளர் நேரம். டிரைவரின் மனைவி நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, பையை அதன் காலில் மாட்டி வைத்துவிட்டு, அவருக்கு ரொட்டியைப் பாலில் நனைத்து ஊட்டிக்கொண்டிருந்தார். டிரைவர் பாதியில் வாயை மூடிக்கொண்டார். வேண்டாம் என்கிறார் என்று நினைத்து அந்த அம்மா ஸ்பூனை இறக்கினார். உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. கண் மேலே போயிற்று. மானிட்டர் அலறியது.

வண்டிக்காரர் வாசலில் இருந்தார். கால் துடித்தது. அவர் அந்த அம்மாவின் தோளைப் பிடித்து, "வாங்கம்மா, இப்படி வாங்க" என்று ஜன்னல் மூலைக்கு நடத்தினார். நாற்காலியை இழுத்தார். பை சிக்கிக்கொண்டது. பையையும் நாற்காலியையும் சேர்த்து அப்படியே தூக்கி ஓரமாக வைத்தார். சுவர்க் கதவைத் திறந்தார். அதற்குள் பெரிய சிஸ்டரும் சின்ன டாக்டரும் கட்டிலின் இரண்டு பக்கமும் வந்துவிட்டார்கள். முகத்தில் ஆக்சிஜன் மூடி, சுவரிலிருந்து குழாய், உறிஞ்சும் சத்தம். யாரும் யாரையும் இடிக்கவில்லை. வண்டிக்காரர் கால்மாட்டில் போய் நின்றார்.

அப்போது பக்கத்து அறைக்குச் சாமான் கொண்டுவந்த நெட்டை அலாரம் கேட்டு உள்ளே பாய்ந்தான். ஒத்திகைக்கெல்லாம் அவன் வந்தது குறைவு.

"அண்ணே, தள்ளுங்க! என்ன பாத்துக்கிட்டு நிக்கறீங்க?"

கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கினான். வேண்டுமென்று செய்தானா என்றால் இல்லை. அந்த முகத்தில் யோசனையே இல்லை. அதே பழைய ஓட்டம்தான். தன் முகமும் அன்றைக்கு அப்படித்தான் இருந்திருக்கும் என்று வண்டிக்காரருக்குத் தெரிந்தது.

பிரேக்கை நோக்கி அந்தக் கால் இறங்குவதை அவர் பார்த்தார். பார்த்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும். அவர் ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. கட்டில் நகரும், குழாய் பிய்யும், இந்த அறைகளின் கதை முடியும், சலவை அறையில் வேறு யாராவது துணி துவைப்பார்கள். உதைப்பது அவர் காலும் இல்லை. இதெல்லாம் வார்த்தையாக அவர் மண்டையில் ஓடியது என்று சொல்ல முடியாது. கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான். ஆனால் ஓடியது. அப்படி ஓடியதற்காக அவர் அப்புறம் பல நாள் தன்னையே திட்டிக்கொண்டார்.

வலது காலை நீட்டி, பிரேக் கட்டைக்கு அடியில் செருப்போடு நுழைத்தார். நெட்டையின் ஷூ முழு வேகத்தில் இறங்கியது. இரும்புக்கும் தரைக்கும் நடுவில் அவர் விரல்கள் நசுங்கின. கட்டில் அசையவில்லை.

"விடுடா" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் சத்தமே வரவில்லை.

"அண்ணே, ஐசியூ…"

"இதுதான்டா ஐசியூ. கையை எடு."

நெட்டை கையை எடுத்தான். சிஸ்டர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கண் டிரைவரின் மார்பில் இருந்தது.

அதற்கப்புறம்தான் நிஜமான பயம் வந்தது. ஓடும்போது பயத்துக்கு ஒரு முடிவு உண்டு. ஐசியூ கதவு திறக்கும், உள்ளே இருப்பவர்கள் வாங்கிக்கொள்வார்கள், கதவு மூடும், இவர் வெளியே சுவரில் சாய்ந்து மூச்சு விடுவார். அதற்கு மேல் நடப்பது இவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டார். இங்கே வாங்கிக்கொள்ள யாரும் இல்லை. மூச்சு ஏறுவதையும் இறங்குவதையும், ஏறாமல் நிற்பதையும் நின்ற இடத்திலேயே நின்று பார்க்க வேண்டியிருந்தது. செருப்புக்குள் ஈரமாக இருந்தது. ரத்தம்.

"வேற எடத்துக்குக் கொண்டுபோகணுமா?" என்று ஜன்னல் மூலையிலிருந்து அந்த அம்மா கேட்டார்.

"வேண்டாம்மா. எல்லாம் இங்கயே இருக்கு. நீங்களும் இங்கயே இருங்க."

"நானும் இருக்கலாமா?"

"இருக்கலாம்மா."

அந்த அம்மா எட்டி அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார். அவரும் பிடிக்க ஏதாவது வேண்டும் என்றுதான் இருந்தார். இருவரும் அப்படியே நின்றார்கள். வெயில் சுவரிலிருந்து தரைக்கு இறங்குகிற வரைக்கும் நின்றார்கள். டிரைவரின் உதட்டில் நிறம் திரும்பியபோது சின்ன டாக்டர் முதல் தடவையாக நாற்காலியைத் தேடினார். அது இருந்த இடம் யாருக்கும் தெரியவில்லை. வண்டிக்காரர் நொண்டிக்கொண்டே போய் எடுத்து வந்தார்.

டிரைவர் பிழைத்தார். அதே அறையில் கதவு மூடியது, பீரோ மறுபடி பீரோ ஆயிற்று. அவர் அங்கிருந்தே எழுந்து நடந்து வீட்டுக்குப் போனார்.

வண்டிக்காரர் பயந்தது போலவே நடந்தது. மாடி முழுக்க அப்படியே மாற்றுவது என்று முடிவானது. கண்காணிப்பாளர் கூப்பிட்டுச் சொன்னார். நெட்டை சின்ன வயசு, ஸ்கேனுக்குத் தள்ள அவன் இருக்கட்டும். உங்களுக்குக் காலும் சரியில்லை, கீழே போங்கள். உட்கார்ந்து மடிக்கிற வேலைதான்.

அவர் சரி என்று சொல்லிவிட்டு வந்தார். மறுத்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. பெரிய சிஸ்டர் கேள்விப்பட்டு நேராகக் கண்காணிப்பாளர் அறைக்குப் போனார். உள்ளே என்ன பேசினார் என்று தெரியாது, கதவு மட்டும் இரண்டு தடவை அறைந்து சாத்தப்பட்டது. வெளியே வந்து சொன்னார்.

"அலாரம் அடிக்கறப்ப அறைய மாத்தறதுக்கு எனக்கு ஆள் வேணும்னு கேட்டிருக்கேன். மூணு மாசம் பாக்கறேங்கறார். அப்புறம் பாத்துக்கலாமாம். நாளைக்குக் காலைல வந்துடுங்க."

வண்டிக்காரர் சந்தோஷப்படுவார் என்று சிஸ்டர் நினைத்திருக்கலாம். அவர் கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"சிஸ்டர், நான் கீழயே போயிடறேன்."

"ஏன்? என்ன கேடு?"

"ஓடும்போது பயந்தா எங்கயாவது போய்ச் சேந்துடுவேன். இங்க நின்ன எடத்துலயே பயப்பட வேண்டியிருக்கு. எனக்குத் தாங்காது."

பெரிய சிஸ்டர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"நீங்க கட்டில உருட்டிக்கிட்டு ஓடினப்பல்லாம் மீதிக் கட்டிலுங்களோட இங்க நின்னது யாருன்னு நெனச்சீங்க? வேலைக்குச் சேந்த நாள்லேர்ந்து நான் நின்னுக்கிட்டுத்தான் பயப்படறேன். வாங்க, சேந்து பயப்படலாம்."

வீட்டில் சொன்னபோது மனைவி ஊசியில் நூல் கோப்பதை நிறுத்தவில்லை. "மூணு மாசம்னா மூணு மாசம். அதுக்குள்ள நீங்க அந்த சிஸ்டரம்மாவுக்கு பயந்து பழகிடுவீங்க" என்றார்.

மறுநாள் அவர் போனார். நாலாவது அறையில் ஒரு இளம் பெண், பிரசவத்துக்குப் பிறகு காய்ச்சல். சாயங்காலம் மானிட்டர் அலறியது. அவர் அந்தப் பெண்ணின் அம்மாவை ஜன்னல் மூலைக்குக் கூட்டிப்போனார், நாற்காலியை ஒதுக்கினார், கதவைத் திறந்தார். பாழாய்ப்போன நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. கால்மாட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஸ்கேனுக்கோ ஆப்பரேஷனுக்கோ தள்ள வேண்டியிருக்குமோ என்று நெட்டை ஸ்ட்ரெச்சரோடு ஓடிவந்து வாசலில் நின்றான். உள்ளே கால் வைக்கவில்லை.

"அண்ணே, வரட்டுமா?"

வண்டிக்காரர் சிஸ்டரின் முகத்தைப் பார்த்தார். சிஸ்டர் தலையை நிமிர்த்தவில்லை.

"இருடா" என்றார். "இரு. இன்னும் தெரியல."